சிரிப்பின் நியாயம்: லோரல் – ஹார்டி இருவரையும் முன்வைத்து

பகிடி என்ற சொல் நம் நாட்டுத் தமிழில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வாயில் வந்துபோகிறது என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். பகிடிக்குச் சொன்னேன் என்கிறோம். பகிடி விடாதே என்கிறோம். அவர் நல்ல பகிடிக்காரர் என்று ஒருவரைப் பாராட்டுகிறோம். அதே சொல்லோடு ‘வதை’ என்ற இன்னொன்றை ஒட்டவைத்து ஒரு புதுச் சொல்லை ஆக்கிக்கொண்டவர்களும் நாமேதான். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு பாராளுமன்றம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றி அதைக் குற்றமாக்கிற்று. சட்டம் வந்த பின்னும் அது ஒழிந்தபாடில்லை. சட்டத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். என்னைக் குடைவது அந்தச் சொல்லின் நடுப்பகுதி. பகிடி முடிந்து வதை தொடங்குகிற இடம். எழுதும்போது அங்கே ஓர் இடைவெளிகூட விடுவதில்லை. நடப்பிலும் அந்த இடம் அப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது.

ஒருவன் வழுக்கி விழுகிறான், நாம் சிரிக்கிறோம். ஒருவனுக்குச் சொன்னது விளங்கவில்லை, நாம் சிரிக்கிறோம். இது தகுமா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு இருவர் நினைவுக்கு வருகிறார்கள். ஒருவர் பருத்தவர், மற்றவர் மெலிந்தவர். இருவர் தலையிலும் வட்டத் தொப்பி. ஸ்டான் லோரல், ஒலிவர் ஹார்டி என்ற பெயர்களை அறியாதவர்களும் படத்தைக் காட்டினால் ‘ஓ, இவர்களா’ என்று முகம் மலர்வார்கள்.

பிளேட்டோ தொடக்கம் சிரிப்பைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தவர்கள் பலர். தன்னைப் பற்றித் தானே அறியாதவனைக் கண்டு சிரிக்கிறோம், அந்தச் சிரிப்பில் இன்பத்தோடு பொறாமையும் கலந்திருக்கிறது என்பது ‘பிலீபஸ்’ உரையாடலில் அவர் கொண்டுபோய் நிறுத்துகிற இடம். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தோமஸ் ஹொப்ஸ் இன்னும் கடுமையாகப் பேசினார். பிறரின் குறையைக் கண்டதும் நம்மை நாமே மெச்சிக்கொள்ளும் ஒரு திடீர்ப் பெருமிதமே சிரிப்பு என்பது அவருடைய முடிவு. பிரான்ஸின் ஹென்றி பேர்க்சன் 1900இல் வெளியிட்ட ‘சிரிப்பு’ என்ற நூலில், சிரிப்பதற்கு இதயம் சற்று நேரம் மரத்துப்போக வேண்டும் என்றார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வகுப்பறையில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் மற்றப் பிள்ளைகளின் முகங்களைக் கவனித்த எந்த ஆசிரியருக்கும் ஹொப்ஸை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஹொப்ஸ் சொன்ன மனிதனை நான் லோரல் – ஹார்டி படங்களில் திரைக்குள்ளேயே சந்திக்கிறேன். அவர் பெயர் ஹார்டி. லோரலைவிடத் தான் கெட்டிக்காரன் என்பதில் ஹார்டிக்கு அணுவளவும் ஐயமில்லை. ‘நீ தள்ளிநில், நான் காட்டுகிறேன்’ என்பதாகவே அவருடைய ஒவ்வொரு அசைவும் இருக்கும். கழுத்துப் பட்டியின் நுனியை விரல்களால் ஆட்டுவார். சின்ன விரலைத் தூக்கிக்கொண்டு அழைப்பு மணியை அழுத்துவார். கதவுக்குள் நுழையும்போது லோரலைப் பின்னுக்கு இழுத்துவிட்டுத் தான் முதலில் போவார். முதலில் போனவர் என்பதாலேயே உள்ளே இருக்கிற குழியில் முதலில் விழுவதும் அவர்தான். திடீர்ப் பெருமிதம் வந்த மறு விநாடி அதற்குரிய தண்டனையும் வந்துவிடுகிறது. பிறகு அவர் ஒன்று செய்வார். சேற்றிலோ மாவிலோ தண்ணீரிலோ இருந்தபடி, கமெராவை நேராக, நம்மை நேராக, நீண்ட நேரம் பார்ப்பார். அந்தப் பார்வையில் கோபம் குறைவு. ‘இவனோடு நான் படுகிற பாட்டைப் பார்த்தீர்களா’ என்ற முறைப்பாடு அதிகம். நம்மைச் சாட்சிக்கு அழைக்கிறார். நாமும் லோரலைக் கண்டு அவரைப்போலப் பெருமிதப்பட்டவர்கள்தானே. அழைப்பை மறுக்க முடியாது.

இந்த இருவரும் சேர்ந்தது ஒரு தற்செயல். லோரல் 1890இல் வட இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் என்ற சிறு பட்டினத்தில் பிறந்தவர். தகப்பன் நாடக அரங்குகளை நடத்தியவர். பிரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழுவோடு 1910இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அதே குழுவில் சார்லி சப்ளினும் இருந்தார். சப்ளினால் ஏலாத நாளில் அவருடைய வேடத்தைக் கட்டுவதற்கென்று வைக்கப்பட்டிருந்த மாற்று நடிகர் லோரல். ஹார்டி 1892இல் அமெரிக்காவின் தென்பகுதியில், ஜோர்ஜியா மாநிலத்து ஹார்லம் என்ற ஊரில் பிறந்தவர். பிறந்த ஆண்டே தகப்பனை இழந்தார். இளவயதில் ஒரு படமாளிகையில் வேலை பார்த்தார். திரையில் வந்தவர்களைப் பார்த்து, இதை நானும் செய்யலாமே என்று புறப்பட்டவர். இருவரும் ஹால் ரோச் கலையகத்தில் தனித்தனியே சம்பளத்துக்கு இருந்தவர்கள். 1927இல் அவர்கள் ஒரு சோடியாக உருவானபோது இருவரும் முப்பத்தைந்து வயதைத் தொட்டோ தாண்டியோ இருந்தார்கள். ஒருவரையொருவர் சேர்த்துவைத்துப் பார்த்த கண் லியோ மெக்கேரி என்ற நெறியாளருடையது. 1951இல் வெளிவந்த கடைசிப் படம் வரை நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் சேர்ந்து தோன்றினார்கள். மௌனப் படங்களிலிருந்து பேசும் படங்களுக்கு மாறியபோது எத்தனையோ சிரிப்பு நடிகர்கள் காணாமல் போனார்கள். இவர்களுக்கு அந்த மாற்றம் ஒரு வாசற்படியைத் தாண்டுவது போல இருந்தது. ஹார்டியின் தென்னாட்டு மரியாதைப் பேச்சும் லோரலின் ஆங்கிலேய இழுவையும் அவர்களுடைய முகங்களுக்கு முன்பே அளவெடுத்துத் தைத்தவை போலப் பொருந்தின.

இவர்களின் படங்களில் அதிகம் பேசப்படுவது 1932இல் வந்த ‘த மியூசிக் பொக்ஸ்’. நகைச்சுவைக் குறும்படத்துக்கென்று ஒஸ்கார் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற படம். ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும். கதை இவ்வளவுதான்: ஒரு பியானோவை நீளமான படிக்கட்டின் உச்சியிலுள்ள வீட்டுக்கு இவர்கள் சுமந்து கொடுக்க வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சில்வர் லேக் பகுதியில் அந்தப் படிக்கட்டு இருக்கிறது. 133 படிகள். பியானோ ஏறுகிறது, வழுக்கி இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது. உள்ளே இருக்கும் கம்பிகள் ஒவ்வோர் இடிக்கும் முனகுகின்றன. பாதி வழியில் குழந்தை வண்டியோடு ஒரு செவிலிப் பெண் வருகிறாள். இவர்களுக்கு நேர்ந்த கதியைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். லோரல் அவளைப் பின்னால் ஓர் உதை உதைக்கிறார். அவள் திருப்பி அடிக்கிறாள், பால் போத்தலை ஹார்டியின் தலையில் உடைக்கிறாள். நான் இந்தக் காட்சியைப் பல தடவை பார்த்தும் இதன் குறும்பு பிந்தித்தான் பிடிபட்டது. அவள் செய்ததைத்தான் நாம் பத்து நிமிடமாகச் செய்துகொண்டிருக்கிறோம். அந்த உதை நமக்கும் சேர்த்து விழுந்தது. பெண்ணை உதைப்பது வேடிக்கையா என்று இன்று கேட்பவர்களோடு நான் வாதிட மாட்டேன்.

கடைசியில், மேலே வந்து சேர்ந்த பிறகு, தபாற்காரர் ஒருவர் சொல்கிறார்: இந்த வீட்டுக்குப் பின்பக்கமாக வண்டி வரும் பாதை இருக்கிறதே, ஏன் சுமந்தீர்கள்? இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பியானோவை மறுபடியும் படிவழியே கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, பாதை வழியாகக் கொண்டுவருகிறார்கள்.

இந்த இடத்தில் சிரிக்காத ஒருவனை நான் அறிவேன்.

என் சாச்சியின் மகன் அவன். எனக்கு நாலு வயது இளையவன். எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் பகுதியில் டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று படம் பார்க்கும் வழக்கம் இருந்தது. ஹிந்திப் படத்துக்கும் தமிழ்ப் படத்துக்கும் இடையில் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு லோரல் – ஹார்டி கெசட் போடுவார்கள். பெரியவர்கள் அந்த நேரத்தில் எழுந்துபோய்த் தேநீர் ஊற்றுவார்கள். ஆனால் ஐந்து நிமிடத்தில் கோப்பையும் கையுமாகத் திரும்பி வந்து கதவோரத்தில் நிற்பார்கள். அவனுக்குப் பிறவியிலேயே அறிவு மந்தம். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுபோயிற்று. காசு எண்ணத் தெரியாது. கடைத்தெருவில் பொழுதுபோகாதவர்களுக்கு அவன் ஒரு வாய்ப்பு. ‘அரைக் கிலோ கரண்டுத் தூள் வாங்கிட்டு வா’ என்று ஒருவன் ஒரு கடைக்கு அனுப்புவான். அந்தக் கடைக்காரன் ‘முடிஞ்சிட்டு, எதிர்க்கடையில கேளு’ என்பான். இப்படி ஒரு சுற்று முடிந்து அவன் வெறுங்கையோடு திரும்பும்போது தெருவே சிரிக்கும். அவனும் சிரிப்பான். எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆகவே ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று நினைத்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்கள் பலர், ‘அவனுக்கே அது பிடிச்சிருக்கு’ என்று சொல்லித் தங்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள்.

டீவிக்கு முன்னால் அவன் சிரித்தது வேறு மாதிரி. மற்றவர்களுக்கு முன்பாகவே சிரித்தான். ஹார்டி கழுத்துப் பட்டியை ஆட்டத் தொடங்கினாலே போதும், இவனுக்கு விலா நோகும். வரப்போவது அவனுக்குத் தெரியும். லோரல் தலையைச் சொறிவதைப் பார்த்தோ, முகத்தைச் சுருக்கி அழுவதைப் பார்த்தோ அவன் ஒரு தடவையும் சிரித்து நான் காணவில்லை. தபாற்காரர் பாதையைக் காட்டி, பியானோ மறுபடி கீழே இறங்கத் தொடங்கியதும் கூடம் முழுக்கச் சிரித்தது. அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்: “கீழ கொண்டு வந்தாத்தானே வண்டில ஏத்தலாம்.”

அவனுக்கு அதில் வேடிக்கை எதுவும் இல்லை. சரியான வேலை சரியாக நடக்கிறது. தன்னைப் போல யோசிக்கிற ஒருவரைத் திரையில் கண்டிருக்கிறான். அவருக்குப் பக்கத்தில், தெருவில் தான் தினமும் காண்கிற கெட்டிக்காரர்களில் ஒருவரையும் கண்டிருக்கிறான். அந்தக் கெட்டிக்காரர் விழுகிறார். ஒவ்வொரு தடவையும் விழுகிறார். இவன் சிரிக்கிறான். ஊரில் அவன் சிரிக்கக் கிடைத்த ஒரே கெட்டிக்காரர் ஹார்டிதான்.

எங்களூரில் தையற்காரர் ஒருவர் இருந்தார். அவனைத் தன் கடையில் வைத்துக்கொண்டார். தெறி பொறுக்கவும், துணி மடிக்கவும், தேநீர் வாங்கி வரவும். அவர் அவனுக்கு ஏசுகிற ஏச்சு ஒழுங்கைக்கு அப்பால் கேட்கும். காலை ஏழரைக்குத் தொடங்கினால் அஸருக்குப் பிறகும் ஓயாது. ஒரு தடவை புது மாப்பிள்ளையின் காற்சட்டையை அவன் தவறான ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டான். அன்று அந்தக் கடையில் நின்றிருந்தால் உங்களுக்கும் காது கூசியிருக்கும். ஆனால் பகலில் இருவரும் ஒரே பார்சலைப் பிரித்துத்தான் சாப்பிட்டார்கள். ‘கரண்டுத் தூள்’ வாங்க யாரோ அவனை அனுப்பியது தெரியவந்த நாளொன்றில் கத்தரிக்கோலும் கையுமாகத் தெருவில் இறங்கி, “இவன அனுப்பினவன் யாருடா? அவன்ட ஊட்டுல பெரியவங்க இல்லயா?” என்று அவர் கேட்டதை நான் நேரில் கண்டேன். தெரு வாய் திறக்கவில்லை. திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்ததும் அவனுக்குத்தான் ஏச்சு: “அனுப்பினா போறதா? உனக்கு மண்டயில என்ன இருக்கு?”

வெளியாள் ஒருவர் வந்து அந்தக் கடையில் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனால், இந்த மனிதர் ஓர் ஏழையை வதைக்கிறார் என்றும், தெருவிலிருப்பவர்கள் அவனோடு சிரித்து விளையாடுகிறார்கள் என்றும்தான் எழுதியிருப்பார். வார்த்தையை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். எனக்குத் தெரிந்தவரை வித்தியாசம் வார்த்தையிலோ சிரிப்பிலோ இல்லை. சிரிப்பு அடங்கிய பின் யார் அங்கே நிற்கிறார் என்பதில் இருக்கிறது. தெருக்காரர்கள் சிரித்துவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தையற்காரர் ஏசிவிட்டு அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் சாச்சியின் வாசலில் இறக்கினார்.

ஹார்டியும் அப்படித்தான். இத்தனை படங்களில் லோரலால் அவருக்கு வீடு எரிந்திருக்கிறது, கார் நொறுங்கியிருக்கிறது, மனைவிமார் சட்டி பானைகளால் எறிந்திருக்கிறார்கள். உன்னால்தான் இதெல்லாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். ‘போய்விடு’ என்று சொன்னாலும் அது நிலைப்பதில்லை. யாரைச் சந்தித்தாலும் தொப்பியைக் கழற்றி, தன் பெயரைச் சொல்லி, இவர் என் நண்பர் லோரல் என்று அறிமுகம் செய்வார். முழு உலகமும் மடையன் என்று பார்க்கிற ஒருவனை அவர் மரியாதைப் பெயரோடு அறிமுகப்படுத்துகிறார்.

1938இல் வந்த ‘புளொக் ஹெட்ஸ்’ படத்தில் இதன் உச்சம் இருக்கிறது. முதல் உலகப் போரில், 1917இல், பதுங்குகுழியைக் காவல்செய்யும்படி லோரலுக்குக் கட்டளை. போர் முடிகிறது. அதை அவருக்குச் சொல்ல எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இருபது ஆண்டுகள் அந்தக் குழியையே காவல் செய்கிறார். தின்று எறிந்த டின்கள் குன்றாகக் குவிந்திருக்கின்றன. ஒரு நாள் செய்தித்தாளில் அவருடைய படத்தைப் பார்த்து, படைவீரர் இல்லத்துக்கு ஹார்டி ஓடிவருகிறார். லோரல் ஒரு காலை மடித்துவைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் இருக்கிறார். நண்பனுக்கு ஒரு கால் போய்விட்டது என்று ஹார்டி எண்ணிக்கொள்கிறார். அவர் முகம் மாறுவதைக் கவனியுங்கள். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வா, என் மனைவி நல்ல சாப்பாடு ஆக்கித் தருவாள் என்கிறார். பிறகு அவரைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். பருத்த மனிதர், மூச்சு வாங்குகிறது, தொப்பி விழுகிறது, அதை எடுக்கக் குனிந்தால் ஆளும் விழுகிறார். கால் இரண்டும் இருப்பது கடைசியில் தெரியவந்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நீ கேட்கவில்லையே என்கிறார் லோரல்.

இங்கே பேர்க்சன் சொன்ன மரத்துப்போன இதயம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. வயிறு நோகச் சிரிக்கும்போதே தொண்டையும் அடைக்கிறது. அவர் ஒரு பாதியைத்தான் கண்டாரோ என்று தோன்றுகிறது. தனியொருவன் விழுவதைக் கண்டு சிரிப்பதற்கு மனம் மரக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். இருவர் சேர்ந்து விழும்போது ஒருவர் மற்றவரைத் தாங்கிக்கொள்கிறார். அந்தப் பாரம் பார்ப்பவனின் மனத்திலிருந்து இறங்கிவிடுகிறது. ஆகவே மரத்துப்போகாமலும் சிரிக்க முடிகிறது.

இவர்களுடைய எல்லாச் சிரிப்பும் இந்தக் கணக்கில் தேறிவிடாது. 1931இல் வந்த ‘பார்டன் அஸ்’ படத்தில் சிறையிலிருந்து தப்பி, முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு, பருத்தி பறிக்கும் கறுப்பினத் தொழிலாளர்களிடையே ஒளிந்துகொள்கிறார்கள். அந்தக் காலத்து அமெரிக்க மேடைகளில் இது சாதாரணம் என்று விளக்கம் சொல்வார்கள். விளக்கம் விளங்குகிறது. சிரிப்பு வரவில்லை. அங்கே பூசிக்கொண்டது ஒருவரின் தோலை. அந்தத் தோலோடு வாழ்கிறவர்களுக்கு அதைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிற வசதி இல்லை.

இவர்களுக்குப் பின் வந்து, 1941இல் ‘பக் பிரைவேட்ஸ்’ படத்தோடு அமெரிக்காவையே பிடித்துக்கொண்ட அபொட் – கொஸ்டெல்லோ சோடியையும் நான் விரும்பிப் பார்த்திருக்கிறேன். பேஸ்பால் வீரர்களின் பெயரை வைத்து அவர்கள் செய்யும் சொற்சிலம்பம் எந்த மொழிக்காரனையும் மயக்கும். ஆயினும் அவர்களின் படங்களைத் தொடர்ந்து பார்த்தால் எனக்கு ஒரு களைப்பு வருகிறது. அபொட் கொஸ்டெல்லோவை ஏமாற்றுகிறார், கன்னத்தில் அறைகிறார், மறுபடியும் ஏமாற்றுகிறார். அபொட் விழுவது அரிது. கெட்டிக்காரனுக்குத் தண்டனை இல்லாத உலகம் அது. எங்கள் கடைத்தெருவை அதில் அப்படியே காண்கிறேன். திரைக்கு வெளியிலும் அவர்களிடையே பங்குச் சண்டை இருந்தது. முதலில் நூற்றுக்கு அறுபது அபொட்டுக்கு என்றிருந்தது பின்னர் கொஸ்டெல்லோவுக்கு அறுபது என்று திரும்பியது. 1957இல் பிரிந்தார்கள். அந்தக் கொஸ்டெல்லோதான், 1943 நவம்பரில் ஒரு வயதுகூட நிரம்பாத மகன் நீச்சல் தடாகத்தில் விழுந்து இறந்த அன்றிரவே, ஒத்துக்கொண்ட வானொலி நிகழ்ச்சியில் பேசிச் சிரிக்கவைத்தவர். அந்த மனிதரை இந்தப் பத்தியில் குறைத்துச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

லோரல் – ஹார்டியிடமும் சமமான பங்கு இருக்கவில்லை. லோரலுக்கு ஹார்டியைவிட அதிக சம்பளம். நடிப்பு முடிந்ததும் ஹார்டி கோல்ப் விளையாடப் போய்விடுவார். லோரல் இருந்து அடுத்த நாளுக்குரிய வேடிக்கைகளை யோசிப்பார், படத்தொகுப்பு அறையில் இரவைக் கழிப்பார். அதிகம் உழைப்பவர் அதிகம் பெறட்டும் என்று ஹார்டி இருந்துவிட்டார். திரையில் எல்லாம் தெரிந்தவர் ஹார்டி, எதுவும் விளங்காதவர் லோரல். திரைக்குப் பின்னால் அந்த மடையனின் ஒவ்வோர் அசைவையும் அளந்து வெட்டி ஒட்டியவர் லோரல்தான். இதை அறிந்தபின் அந்தப் படங்களைப் பார்க்கிற விதமே மாறிவிடுகிறது. ஒருவனை மடையன் என்று காட்டுவதற்கு உரிமை உள்ளவன் யார் என்று கேட்டால், அந்த மடையனாகத் தானே நிற்கச் சம்மதிப்பவன் என்பது ஒரு பதிலாக இருக்கலாம்.

நம் மொழியின் தொடக்ககாலத் திரையில் இப்படியொரு சோடி கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். 1936இல் வந்த ‘வசந்தசேனா’ படத்தின் காலத்தில் சேர்ந்தவர்கள், கணவன் மனைவியாகவே ஆனவர்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணன் சிறைபோய், 1947இல் விடுதலையாகி வெளியே வரும்வரை மதுரம் காத்திருந்தார். அவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஹார்டி இறந்தது 1957 ஓகஸ்ட் 7. கிருஷ்ணன் இறந்தது அதே மாதம் 30. அந்த ஒரு மாதத்தில் உலகின் இரு கோடிகளில் இரு சோடிகள் பாதியாயின. மதுரம் 1974 வரை இருந்தார்.

சாச்சியின் மகன் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டான். சாச்சி இல்லை. தையற்காரரும் மௌத்தாகிப் பல ஆண்டுகள். கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடையொன்று வந்திருக்கிறது. அவன் பழக்கத்தில் காலையில் அங்கே போய், வாசல் வாங்கில் இருக்கிறான். கடைப் பையன் அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கிறான். நண்பர்கள் வந்தால் அவனை வைத்து ஏதாவது வேடிக்கையும் பண்ணுகிறான். இரண்டும் ஒரே கையிலிருந்து வருகின்றன. யார் நிற்கிறார், யார் போகிறார் என்ற என்னுடைய பிரிப்பு அந்த வாசலில் அவ்வளவு சுத்தமாக ஓடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பையனுடைய தொலைபேசியில் லோரல் – ஹார்டி காணொளிகள் இருக்கின்றன. சில நேரம் அவனுக்குப் போட்டுக் காட்டுகிறான். இருவரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

லோரலும் ஹார்டியும் தங்கள் படங்களுக்குச் சொந்தக்காரர்கள் அல்லர். தொலைக்காட்சி வந்து அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டிக் காசு பார்த்தபோது அவர்களுக்கு அதில் பங்கு வரவில்லை. வயதான காலத்தில் பிரித்தானியாவில் மேடை மேடையாக ஏறினார்கள். 2018இல் வந்த ‘ஸ்டான் அன்ட் ஒலி’ படம் அந்த நாட்களைப் பற்றியதுதான். 1953 செப்டெம்பரில் அயர்லாந்தின் கோவ் துறைமுகத்தில் அவர்களின் கப்பல் வந்து நின்றபோது கரையில் பெருங்கூட்டம். மலைமேலிருந்த தேவாலய மணிகள் அவர்களுடைய படங்களின் தொடக்க இசையை வாசித்தன. இருவரும் அழுதுவிட்டோம் என்று லோரல் பின்னாளில் சொன்னார். 1956இல் ஹார்டியைப் பாரிசவாதம் தாக்கிப் பேச்சையும் நடமாட்டத்தையும் பறித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அவர் இறந்தபோது லோரலும் நோயாளி. மருத்துவரின் சொற்படி இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. அவனுக்கு விளங்கும் என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு யார் கேட்டும் அவர் நடிக்கவில்லை. சாந்தா மொனிக்காவில் கடலைப் பார்த்த ஒரு சிறு குடியிருப்பில் வாழ்ந்தார். அவருடைய தொலைபேசி இலக்கம் ஊர்ப் பெயர்ப்புத்தகத்தில் எல்லோருடையதையும் போல இருந்தது. யார் அழைத்தாலும் எடுத்துப் பேசினார், வந்த கடிதங்களுக்குத் தன் கையாலேயே பதில் எழுதினார். 1961இல் ஒஸ்கார் சிறப்பு விருது கொடுத்தார்கள். போகமுடியாமல் இன்னொரு நடிகர் அதை வாங்கிவந்தார். 1965 பெப்ரவரியில் இறக்கும்வரை அவர் புதிய வேடிக்கைக் காட்சிகளை யோசித்து எழுதிக்கொண்டே இருந்தார். எல்லாம் இருவர் நடிப்பதற்கான காட்சிகள்.